சலத்தில் இரத்தம் கண்டால் எந்த ஸ்கான், எதற்காக?

வலியே இல்லாமல் சலம் சிவப்பாகப் போகிறது. ஒரு நாள் அல்லது இரண்டு நாள் அப்படி இருந்துவிட்டுத் தானாகத் தெளிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் இதற்கு வீட்டிலேயே இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும். ஒன்று உடம்புச் சூடு, மற்றது கல். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குக் கல் என்ற எண்ணம் முதலில் வருவது இயல்புதான். இளநீர் குடிப்பார்கள், பார்லி அவித்துக் குடிப்பார்கள், சிவப்பு நின்றதும் மறந்துவிடுவார்கள். அந்த மறதியைத்தான் நான் அஞ்சுகிறேன். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வலியற்ற இரத்தப்போக்காகவே முதலில் தலைகாட்டுகிறது. விட்டுவிட்டு வருவது அதன் வழக்கம். இளநீர் குடித்த மறுநாள் சலம் தெளிந்தால், இளநீர் குடிக்காவிட்டாலும் அது தெளிந்திருக்கும்.

ஸ்கான் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் நோயாளிக்காகவும் அவருடன் செல்லும் பிள்ளைக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரு விடயத்தை மட்டும் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்கானும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். உங்களுக்கு எழுதப்பட்ட ஸ்கான் எந்தக் கேள்விக்கானது என்று தெரிந்துகொண்டு போனால், அறிக்கை கைக்கு வரும்போது வீணாகப் பதறவும் மாட்டீர்கள், வீணாக நிம்மதி அடையவும் மாட்டீர்கள்.

யார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்

உலகெங்கும் இந்த நோய்க்கு முதற் காரணம் புகைப்பிடித்தல். ஏறத்தாழப் பாதி நோயாளிகளுக்கு இதுவே காரணம். புகையிலுள்ள நச்சுப் பொருட்கள் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலக்கின்றன; சிறுநீரகம் அவற்றை வடித்துச் சலத்தில் விடுகிறது; சிறுநீர்ப்பையின் உட்தோல் அந்தச் சலத்தில் மணிக்கணக்காக ஊறிக்கிடக்கிறது. புகையிலை விளைந்த மண் நம்முடையது. சுருட்டை வாயிலிருந்து எடுக்காத அப்பப்பாக்களை எல்லா வீடுகளும் பார்த்திருக்கின்றன. சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயில் வைத்து ஊதிவிடுகிறேன் என்று அவர்கள் சொல்வதை நம்பி இருந்துவிட வேண்டாம். சாயம், இறப்பர், தோல், பெயின்ற் ஆகிய தொழில்களில் நீண்டகாலம் இரசாயனங்களோடு புழங்கியவர்களுக்கும் ஆபத்துக் கூடுதல்.

பெண்களைவிட ஆண்களுக்கு இது மூன்று, நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. இருந்தும் பெண்களுக்கே பிந்திப் பிடிபடுகிறது. சலக்கடுப்பு, கிருமித்தொற்று என்று ஒரு முறை மருந்து, மீண்டும் ஒரு முறை மருந்து என்று மாதங்கள் ஓடிவிடும். மாதவிடாய் நின்ற அம்மாமார் இரத்தம் எந்த வழியால் வருகிறது என்று பிரித்துச் சொல்லக் கூச்சப்படுவார்கள். மகளோ மருமகளோ பக்கத்திலிருந்து மெதுவாகக் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஸ்கானுக்கு முன்: சலப் பரிசோதனை

பீற்றூட் சாப்பிட்டால் சலம் சிவக்கலாம். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் மாத்திரை சலத்தைச் செம்மஞ்சளாக்கும். ஆகவே முதல் வேலை சாதாரண சலப் பரிசோதனையில் உண்மையாகவே சிவப்பணுக்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. கிருமி இருந்தால் மருந்து எடுங்கள். மருந்து முடிந்தபின் மறுபடியும் சலத்தைச் சோதியுங்கள். இந்த இரண்டாவது சோதனையைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். கிருமி போன பிறகும் இரத்தம் தெரிந்தால் அதற்கு வேறு காரணம் உண்டு.

ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் "மாத்திரையால்தான் வருகிறது" என்று இருந்துவிடக் கூடாது. மறைந்திருக்கும் கட்டியிலிருந்து இரத்தம் கசிவதை அந்த மாத்திரை முன்கூட்டியே வெளிப்படுத்தியிருக்கலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டல் நிறுவனமான நைஸின் (NICE) வழிகாட்டல், 45 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் கிருமித்தொற்று இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் இரத்தம் போனால், புற்றுநோய்ச் சந்தேகத்துடன் விரைந்து நிபுணரிடம் அனுப்பச் சொல்கிறது. வயது குறைந்தவர்களுக்கு வராது என்று இதற்குப் பொருளில்லை. பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை போன்ற ஆதார வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில் தொடங்கினாலும் போதும். "சலத்தில் இரத்தம் போனது, வலி இல்லை" என்று தெளிவாகச் சொல்லி, சிறுநீர்த்தொகுதிச் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். கைத்தொலைபேசியில் சிவந்த சலத்தைப் படமெடுத்து வைத்திருந்தால் அதைக் காட்டுங்கள். கிளினிக் நாளன்று சலம் தெளிவாக இருந்துவிட்டால் அந்தப் படம்தான் சாட்சி.

அல்ட்ராசவுண்ட்: முதல் பார்வை

பெரும்பாலும் முதலில் எழுதப்படுவது வயிற்று அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, எங்கும் கிடைக்கும். இது கேட்கும் கேள்வி: சிறுநீரகத்திலோ சிறுநீர்ப்பையிலோ கண்ணுக்குத் தெரியும் அளவில் ஏதாவது இருக்கிறதா? சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா?

இதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருப்பது மிக அவசியம். ஸ்கானுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டுச் சலம் கழிக்காமல் இருக்கச் சொல்வார்கள். இதயநோய், சிறுநீரகநோய் காரணமாகத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நிறையாத பையின் சுவர் சுருங்கி மடிந்து கிடக்கும். அந்த மடிப்புக்குள் ஒரு சிறிய கட்டி மறைந்துகொள்ளலாம். மடிப்பே கட்டிபோலத் தோன்றவும் கூடும். வரிசையில் நெடுநேரம் இருந்து தாங்க முடியாமல் சலம் கழித்துவிட்டால், வெட்கப்படாமல் உள்ளே சொல்லுங்கள். மறுபடியும் தண்ணீர் குடித்துக் காத்திருப்பது பெரிய இழப்பல்ல; வெறும் பையோடு படுத்து "ஒன்றும் இல்லை" என்ற அறிக்கையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் பெரிய இழப்பு.

படுத்திருக்கும்போது உங்களைப் பக்கவாட்டில் திரும்பச் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கிறது. உறைந்த இரத்தக் கட்டியாக இருந்தால் நீங்கள் திரும்பும்போது அது உருண்டு இடம் மாறும். சுவரில் ஒட்டி வளர்ந்த கட்டி அசையாது. டொப்ளர் முறையில் அதற்குள் இரத்தம் ஓடுவதும் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். கடைசியில் சலம் கழித்துவிட்டு வரச்சொல்லி மறுபடியும் பார்ப்பார்கள். பையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளப்பதற்காக. வயது முதிர்ந்த ஆண்களில் புரொஸ்டேற் சுரப்பி பெருத்துப் பைக்குள் தள்ளிக்கொண்டு நிற்பது கட்டிபோலத் தோன்றுவதும் உண்டு.

இதன் குறையையும் தெரிந்துகொள்ளுங்கள். 5 மில்லிமீற்றருக்கும் சிறிய கட்டிகளை இது எளிதில் தவறவிடும். பையின் முன்சுவரிலும் உச்சியிலும் உள்ளவை தப்பிவிடலாம். உட்தோலோடு ஒட்டித் தட்டையாகப் பரவும் ஒரு வகை உண்டு. வீரியம் கூடிய அந்த வகையை அல்ட்ராசவுண்டில் காண்பது மிக அரிது. ஆகவே கண்ணால் இரத்தம் கண்டவருக்கு அல்ட்ராசவுண்ட் சுத்தமாக வந்தாலும் விசாரணை முடிந்துவிடாது. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியுமென்றால் இதை வைத்திருங்கள்.

குழாய் வைத்துப் பார்த்தல்: இதைத் தவிர்க்க முடியாது

இது ஸ்கான் அல்ல. ஆனாலும் ஸ்கான்களின் கதையை இதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. சலம் போகும் வழியாக மெல்லிய கமெராக் குழாயைச் செலுத்தி, பையின் உட்சுவர் முழுவதையும் கண்ணால் பார்ப்பதுதான் சிஸ்ரொஸ்கொப்பி. சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதில் இதற்கு இணையான ஸ்கான் இன்னும் இல்லை. மரத்துப்போகும் ஜெல் தடவிச் செய்வார்கள். அன்றும் மறுநாளும் எரிவு இருக்கும், இலேசாக இரத்தமும் போகலாம்.

இதற்குப் பயந்து, "குழாய் வேண்டாம், சி.ரி. எடுத்துத் தாருங்கள்" என்று கேட்கும் பெரியவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களுடைய கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் சி.ரி. சுத்தமாக இருந்தாலும் குழாய் தேவைப்படும், சி.ரி.யில் கட்டி தெரிந்தாலும் குழாய் தேவைப்படும். இரண்டு வழியும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன.

கட்டி தெரிந்தால் மயக்க மருந்து கொடுத்து அதே வழியால் சுரண்டி எடுப்பார்கள். எடுத்த சதையில் தசைப்பகுதியும் இருக்க வேண்டும். நோயியல் ஆய்வு அதைப் பார்த்துத்தான் புற்றுநோயா, எந்த வகை, எவ்வளவு ஆழம் என்று சொல்லும். பத்தில் ஒன்பது அளவில் யூரொதீலியல் எனப்படும் வகையாகவே இருக்கும்.

ஆழம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது

மற்ற ஸ்கான்களுக்குப் போகுமுன் நிலை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கிணற்றுக் கட்டில் முளைக்கும் அரசங்கன்றைப் பார்த்திருப்பீர்கள். வேர் மேற்பூச்சில் மட்டும் இருந்தால் கையால் பிடுங்கிவிடலாம், மறுபடியும் முளைக்கிறதா என்று அவ்வப்போது பார்த்தால் போதும். வேர் கல்லுக்கு இடையில் இறங்கிவிட்டால் கட்டையே பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். சிறுநீர்ப்பைச் சுவரிலும் அப்படித்தான்: உட்தோல், அதன் கீழே மெல்லிய இணைப்புப் படை, பிறகு தசை, வெளியே கொழுப்பு.

உட்தோலோடு நிற்பதை ரி.ஏ. என்றும், தட்டையாகப் பரவும் வீரியமான வகையை ரி.ஐ.எஸ். என்றும், இணைப்புப் படைக்குள் போனதை ரி1 என்றும் எழுதுவார்கள். தசைக்குள் போனால் ரி2. கொழுப்புக்குள் போனால் ரி3. புரொஸ்டேற், கருப்பை, இடுப்புச் சுவர் போன்ற அயல் உறுப்புகளைத் தொட்டால் ரி4. இதோடு என் (N) என்ற எழுத்து நிணநீர்க் கணுக்களையும், எம் (M) என்ற எழுத்து தூர உறுப்புகளையும் குறிக்கும்.

ரி1க்கும் ரி2க்கும் இடையில் இருப்பது சிகிச்சையையே மாற்றும் எல்லை. தசைக்குள் போகாததைச் சுரண்டி எடுத்து, பைக்குள் மருந்து விட்டுத் தொடர்ந்து கண்காணிக்கலாம். தசைக்குள் போனதற்குப் பெரும்பாலும் கீமோ கொடுத்துப் பையையே அகற்றுவார்கள், அல்லது பையை வைத்துக்கொண்டு கீமோவும் கதிர்ச் சிகிச்சையும் சேர்த்துக் கொடுப்பார்கள். கண்டுபிடிக்கப்படும்போது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கு நோய் தசைக்குள் போகாமல்தான் இருக்கிறது. இது ஆறுதலான செய்தி. நேரத்தோடு போனவர்களுக்கு இன்னும் ஆறுதலானது.

சி.ரி. யூரோகிராம்: சிறுநீரகம் முதல் பை வரை

சிறுநீரகத்தின் உட்குழியில் தொடங்கி, சிறுநீர்க்குழாய் வழியாகப் பை வரை ஓடுவது ஒரே வகை உட்தோல். பையில் கட்டி வந்தவருக்கு மேலேயும் ஒன்று இருக்கக்கூடும். பைக்குள் நுழையும் கமெரா அந்த மேற்பகுதியைப் பார்க்காது. சி.ரி. யூரோகிராம் பார்க்கும். அதுவே இந்த ஸ்கானின் முதற் கேள்வி. பைச் சுவருக்கு வெளியே நோய் தெரிகிறதா, கணுக்கள் பருத்திருக்கின்றனவா, ஈரல் எப்படி என்பவை அடுத்த கேள்விகள்.

போகுமுன் செய்ய வேண்டியவை: சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்க வேண்டும், ஏனெனில் ஊசியால் ஏற்றும் அயடீன் சாய மருந்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். முன்பு சாய மருந்து ஏற்றியபோது உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா, ஆஸ்துமா உண்டா என்பதை ஸ்கான் அறையில் சொல்லுங்கள். சலரோகத்துக்கு மெற்போமின் எடுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சிறுநீரகம் நன்றாக இயங்குபவர்களுக்குப் பொதுவாக அதை நிறுத்த வேண்டியதில்லை. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (eGFR) 30க்குக் கீழே போனவர்கள் நிறுத்திவிட்டு, 48 மணி நேரத்தின் பின் இரத்தம் சோதித்துப் பார்த்தே மறுபடியும் தொடங்க வேண்டும். ஸ்கான் நிலையம் இதைவிட இறுக்கமாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும் என்பதைத் துண்டு வாங்கும்போதே கேளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் அந்தக் காலை வேளைக்கு என்ன செய்வது என்றும் கேளுங்கள்.

ஆண்கள் வெள்ளி அரைஞாண் கொடியைக் கழற்றிவிட்டுப் போங்கள். அது சரியாக இடுப்பைச் சுற்றிக் கிடப்பதால் படத்தில் கீற்றுகளாக விழுந்து, பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடும். உலோகக் கூடு உள்ள தாயத்தும் அப்படித்தான்.

உள்ளே நடப்பது இதுதான். சாயம் ஏற்றாமல் முதலில் ஒரு படம். கல் இருந்தால் இதில் தெரியும். சாயம் ஏற்றியபின் சிறுநீரகத்தையும் கட்டியின் இரத்த ஓட்டத்தையும் காட்டும் படம். பிறகு சில நிமிடங்கள், பத்து நிமிடம் வரைகூட, காத்திருக்க வைத்து மறுபடியும் ஒரு படம். அதற்குள் சாயம் சலத்தோடு இறங்கிக் குழாய்களையும் பையையும் வெள்ளையாக நிரப்பியிருக்கும். கட்டி உள்ள இடம் அந்த வெள்ளையில் கருமையாகத் தெரியும். "மூன்றாம் முறை ஏன் எடுக்கிறார்கள், ஏதோ பெரிதாகக் கண்டுவிட்டார்களோ" என்று அந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கும். அது முறையின் ஒரு பகுதி, அவ்வளவுதான். சாயம் ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகப் பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சலம் போய்விட்டதுபோலவே தோன்றும். போயிருக்காது. கூச்சப்பட்டு எழும்ப முயலாதீர்கள்.

கதிர்வீச்சு பற்றியும் கேட்கிறார்கள். வயிறும் இடுப்பும் சேர்ந்த ஒரு சி.ரி. படத்துக்கு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவேர்ட். பல கட்டங்களாக எடுத்தால் இன்னும் கூடும். உலகச் சராசரியில் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டுக்குப் பெறுவது 2.4. காரணமில்லாமல் எடுக்கக்கூடாத அளவு. புற்றுநோய்ச் சந்தேகம் உள்ளவர் தயங்கக்கூடிய அளவல்ல. கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்கள் கட்டாயம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

சி.ரி.க்கும் எல்லை உண்டு. பைச் சுவரின் படைகளை அது பிரித்துக் காட்டாது. ரி1ஆ ரி2ஆ என்று சி.ரி.யைக் கேட்பதில் பயனில்லை. கொழுப்புக்குள் வெளிப்படையாகப் பரவிவிட்டால்தான் அதற்குத் தெரியும். நிணநீர்க் கணுக்களையும் அளவை வைத்தே சொல்லும்: இடுப்பில் 8 மில்லிமீற்றருக்கும், வயிற்றில் 10க்கும் மேலானால் சந்தேகம். சிறிய கணுவுக்குள் ஒளிந்திருக்கும் நோய் அதற்குத் தெரியாது. தொற்றினால் பருத்த கணுவையும் அது சந்தேகிக்கும்.

எம்.ஆர்.ஐ.: தசையைத் தொட்டதா?

தசையைத் தொட்டதா என்ற கேள்வியை எம்.ஆர்.ஐ.யிடம் கேட்கலாம். அதன் ஒரு வகைப் படத்தில் பையின் தசை ஒரு கருங்கோடாகத் தெரியும். கோடு முறியாமல் இருந்தால் நல்லது. கட்டி அதை முறித்திருந்தால் தசைக்குள் போயிருக்கலாம். இதை ஒரே முறையில் மதிப்பிடுவதற்காக 2018இல் வை-ராட்ஸ் என்ற அளவீடு வெளியிடப்பட்டது. 1 என்றால் தசையைத் தொட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, 5 என்றால் மிக அதிகம். 3 என்று வந்தால் அதற்கு இரண்டு பக்கமும் இடமுண்டு. சதை ஆய்வுதான் தீர்க்க வேண்டும்.

எடுக்கும் காலம் இங்கே மிக முக்கியம். கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு சுவர் வீங்கித் தடித்திருக்கும்; அந்த வீக்கம் நோய்போலவே தோன்றி நிலையைக் கூட்டிக்காட்டும். ஆகவே முடிந்தால் சுரண்டுமுன் எடுப்பது நல்லது. முடியாவிட்டால் குறைந்தது இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். சி.ரி.க்கும் இதே குழப்பம் உண்டு. சத்திரசிகிச்சைத் திகதி கிடைத்தவுடன், "அதற்கு முன் ஸ்கான் எதுவும் எடுக்க வேண்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். பிரித்தானியாவில் பிளாடர்பாத் என்ற ஆய்வில், தசையைத் தொட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, உண்மையாகவே தசையைத் தொட்டிருந்தவர்களுக்குச் சரியான சிகிச்சை தொடங்கும் காலத்தின் நடுமதிப்பு 98 நாளிலிருந்து 53 நாளாகக் குறைந்தது. அதற்காக எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிறிய, பூப்போன்ற கட்டி உள்ளவருக்கு அதற்காகக் காத்திருப்பதே தாமதமாகிவிடும்.

நம் ஊரில் எம்.ஆர்.ஐ.க்குப் போகிறவர்களிடம் மன்றாடிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. போர்க்காலத்தில் செல் துண்டோ குண்டுச் சிதறலோ உடம்பில் தங்கிவிட்டதா? பலருக்கு அது பல பத்தாண்டுப் பழைய கதை. வலியில்லாததால் மறந்தே போயிருக்கும். காலில் உள்ளதைக் கேட்டால் சொல்வார்கள், முகத்தில் பட்டதைச் சிறிய காயம் என்று விட்டுவிடுவார்கள். எம்.ஆர்.ஐ.யின் காந்தம் இரும்புத் துண்டை இழுக்கும். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் இவற்றின் அருகே இருந்தால் பேராபத்து. ஐயம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். படிவத்தில் "உடலில் உலோகம்" என்ற கேள்விக்கு அவசரத்தில் இல்லை என்று எழுதிவிடாமல், வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு போங்கள். பட்டறையில் இரும்பு அராவும் வேலை செய்தவர்களின் கண்ணில் தூள் பட்டிருக்கலாம். அதையும் சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாய்க் கிளிப், செவிக்குள் பொருத்திய கருவி எல்லாம் இந்தப் பட்டியலில் சேரும்.

தாலிக்கொடி, காப்பு, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழுத்திலிருந்து தாலியை எடுக்க அம்மாமார் மனம் வருந்துவார்கள். வீட்டிலிருந்து புறப்படுமுன்பே பேசி, யாரிடம் கொடுத்துவைப்பது என்று தீர்மானித்துக்கொண்டால் அந்த இடத்தில் தடுமாற்றம் இராது. அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும், இயந்திரம் பலத்த சத்தம் போடும். பை அளவாக நிறைந்திருக்க வேண்டும் என்பதால், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் சலம் கழித்துவிட்டு அதன்பின் அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள்.

தூரப் பரவல்

தசையைத் தொட்ட நோய்க்கு நெஞ்சுச் சி.ரி.யும் எடுப்பார்கள், நுரையீரலுக்காக. எலும்பு ஸ்கான் எல்லோருக்கும் தேவையில்லை. எலும்பு வலியோ இரத்தப் பரிசோதனையில் அதற்கான குறியோ இருந்தால் எழுதுவார்கள்.

பெற் (PET) ஸ்கான் பற்றி வெளிநாட்டு உறவினர்கள் அடிக்கடி கேட்பார்கள்: "பெற் எடுத்தால் எல்லாம் தெரியுமே, ஏன் எடுக்கவில்லை?" அதற்கு ஏற்றும் கதிரியக்கச் சீனி சலத்தோடுதான் வெளியேறுகிறது. பை முழுவதும் பளிச்சென்று ஒளிர, அதன் சுவரில் உள்ள கட்டி அந்த ஒளியில் காணாமல் போய்விடும். பைக்குள் கட்டி தேட அது உகந்ததல்ல; தூரக் கணுக்களிலோ வேறு உறுப்பிலோ ஐயம் இருக்கும்போது பயன்படும். மகரகமவிலுள்ள தேசியப் புற்றுநோய் வைத்தியசாலையான அபேக்ஷாவின் பெற் இயந்திரம் பொதுமக்களின் நன்கொடையில் வாங்கப்பட்டது. அங்கே போகச் சொன்னால் இரவு பஸ்ஸில் போய் நேரே இறங்காமல், முதல் நாளே போய்த் தங்கி ஓய்வெடுப்பது நல்லது: ஆறு மணி நேரம் அளவில் சாப்பிடாமல் இருக்க வேண்டும், இரத்தச் சீனி கட்டுக்குள் இருக்க வேண்டும், முதல் நாள் உடல் உழைப்புக் கூடாது. ஸ்கான் முடிந்து சில மணி நேரம் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுத் தள்ளியிருங்கள். இந்த எச்சரிக்கை பெற், எலும்பு ஸ்கான் இரண்டுக்கும் உரியது, சி.ரி.க்கும் எம்.ஆர்.ஐ.க்கும் இது தேவையில்லை. எக்ஸ்ரேயோ சி.ரி.யோ எடுத்தவரிடம் பேரப்பிள்ளையை விடக்கூடாது என்று பயப்படுவதில் அர்த்தமில்லை.

கதிர்ச் சிகிச்சையோ கீமோவோ தேவைப்படும்போது தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவீர்கள். 2011இல் தெவுந்தரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய பணத்தில் எழுந்தது அது. மகரகமவுக்கு மட்டுமே ஓட வேண்டியிருந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அறிக்கையை வாசித்தல்

அறிக்கை ஆங்கிலத்தில் வரும். சில சொற்கள் திரும்பத்திரும்ப வரும். "வோல் திக்கனிங்" என்றால் சுவர் தடித்திருக்கிறது. புற்றுநோயாக இருக்கலாம், தொற்றாகவோ புரொஸ்டேற் அடைப்பால் பை சிரமப்பட்டதாகவோ இருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் தடிப்பதே கூடுதல் கவனத்துக்குரியது. "ஃபில்லிங் டிஃபெக்ட்" என்றால் சாயம் நிரம்பாத இடம்: கட்டி, கல், இரத்தக் கட்டி மூன்றில் எதுவும் ஆகலாம். "ஹைட்ரோநெப்ரோசிஸ்" என்றால் சிறுநீரகம் சலம் தேங்கி வீங்கியிருக்கிறது. பைக் கட்டியோடு இது சேர்ந்து வந்தால், கட்டி குழாய் வாயை அடைத்திருக்கிறதா, தசைக்குள் ஆழமாகப் போயிருக்கிறதா என்ற கேள்வி எழும். அந்த அறிக்கையோடு அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் முன்னதாகவே போய்க் காட்டுங்கள். "சப்-ஒப்டிமலி டிஸ்டெண்டட்" என்று பையைப் பற்றி எழுதியிருந்தால், பை நன்றாக நிறையவில்லை, பார்த்தது முழுமையல்ல என்று பொருள். அந்த வரியைக் கிளினிக்கில் சுட்டிக்காட்டி, மறுபடியும் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பிள்ளைகள் அறிக்கையை வட்ஸ்அப்பில் கேட்பார்கள். பிலிமை ஜன்னலில் பிடித்துப் படமெடுத்து அனுப்புவதால் யாருக்கும் பயனில்லை. ஸ்கான் நிலையத்தில் படங்கள் பதிந்த சீ.டி.யை (CD) கேட்டு வாங்குங்கள். எழுத்து அறிக்கை, சதை ஆய்வு முடிவு, கிரியேற்றினின், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்திருங்கள். புதிய ஸ்கானைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் கதிரியக்க நிபுணர் துணிந்து எழுத முடியும், பழைய சீ.டி.யை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளும் அப்பாவிடம் "என்ன சொன்னார்கள்?" என்று மட்டும் கேட்காமல், "தசையைத் தொட்டதா இல்லையா என்று சொன்னார்களா? சதையில் தசை இருந்ததா?" என்று கேட்டால் பேச்சு உரிய இடத்துக்கு வரும்.

சிகிச்சைக்குப் பின்

தசையைத் தொடாத நோய் திரும்பத் திரும்ப முளைக்கும் இயல்புள்ளது. சுரண்டி எடுத்து மூன்று மாதத்தில் முதல் குழாய்ப் பரிசோதனை இருக்கும். அதன்பின் இடைவெளி நோயின் வீரியத்தைப் பொறுத்தது. வீரியம் கூடியவர்களுக்கு மேற்பகுதியைப் பார்க்கும் சி.ரி.யும் காலத்துக்குக் காலம் எழுதப்படும். பையை அகற்றியவர்களுக்கு நெஞ்சு, வயிறு, இடுப்புச் சி.ரி. முதல் ஆண்டுகளில் நெருக்கமாக வரும். நல்லூர்த் திருவிழா, பேத்தியின் சாமத்தியவீடு, வெளிநாட்டு மகன் வருகை என்று திகதியைத் தள்ளிப்போடும் காரணங்கள் எப்போதும் கிடைக்கும். தள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் பேசாமல் விட்டுவிடாமல் கிளினிக்குக்குச் சொல்லி, புதிய திகதியைக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.